தெருவில் நான் கத்தியது

தொமொஹோன்
6 பிப்ரவரி 2023

மித்தாவின் அப்பாவுக்கு,

இதை எழுதும் நேரத்தில் நானும் மகளும் சுகமாக இருக்கிறோம், தேவனுக்கு நன்றி. உங்கள் முகாமுக்குத் திரும்பும் ஹெங்கியின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே புகையில் வாட்டிய சூரை மீன் இரண்டும் மிளகாய்த் தொக்கும் இருக்கின்றன. மீனை அவருக்கும் கொடுங்கள்.

இத்தனை நாள் நான் போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். போன் என்னிடம் இல்லை. பக்கத்து வீட்டு ஃபெம்மி அத்தையிடம் கொடுத்துவிட்டேன். டிவியின் வயரையும் பிடுங்கிச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். சபைப் பெண்கள் கூட்டத்தில் அத்தை கேட்டார்: "உங்க வீட்டு வாசல்ல ஒருத்தன் குப்பையக் கொட்ட வந்தா விடுவீங்களா? அப்புறம் ஏன் புள்ள தூங்குற அறைக்குள்ள அதக் கையில எடுத்துட்டுப் போறீங்க?" அது என்னைத்தான் கேட்டது போல இருந்தது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். காலையில் எழுந்தவுடன் நீங்கள் அனுப்பியது ஒன்று இருக்கும். எங்கோ பஸ் கவிழ்ந்தது, எங்கோ அப்பனே பிள்ளையை வெட்டினான், எங்கோ சாக்கில் குழந்தை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மித்தாவுக்குத் தலை சீவுவேன். நான் சீப்பை இழுக்கும் வேகம் அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அவளுக்கு ஒன்பது வயது. ஒரு தாயாக என் இருதயத்தையும் அவள் இருதயத்தையும் நான்தான் காவல் காக்க வேண்டும். இனி எழுத வேண்டியது இருந்தால் கடிதம் எழுதுங்கள். அவசரம் என்றால் அத்தையைக் கூப்பிடுங்கள்.

மித்தாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல். ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒல்வி


வேடா, சுரங்க முகாம்
15 பிப்ரவரி 2023

ஒல்வி,

பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். மீன் வந்து சேர்ந்தது. ஹெங்கிக்குக் கொடுக்கச் சொன்னாய். அவன் கப்பலிலேயே ஒன்றைத் தின்றுவிட்டான்.

பதினேழு தடவை கூப்பிட்டேன். பதினெட்டாவது தடவை ஃபெம்மி அத்தை எடுத்து, "ஒல்வி இப்ப ஜெபத்துல இருக்கா தம்பி, நீயும் ஜெபம் பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டார். என் மனைவியோடு பேச சபை மூப்பரிடம் விண்ணப்பம் போட வேண்டுமா?

இங்கே பன்னிரண்டு மணி நேர வேலை. சிவப்பு மண் காதுக்குள்ளும் போகிறது. குளித்துவிட்டு மித்தாவின் முகத்தை ஐந்து நிமிடம் போனில் பார்ப்பேன். எனக்கு வீடு என்பது அந்த ஐந்து நிமிடம்தான். அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டாய். உன் மனசைக் காக்கிறாய், சரி. என் மனசை யார் காப்பது?

நான் அனுப்பியதையெல்லாம் குப்பை என்கிறாய். ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். நீ ரோட்டோரம் பூக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாய், அவள் பள்ளியிலிருந்து தனியாக நடந்து வருகிறாள். நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன்.

இன்னொன்று. நீ காய்ச்சல் என்று எழுதியிருக்கிறாய். மறுபடியும் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "அது ஒண்ணுமில்ல தம்பி, முழங்கால்ல சின்ன அடி" என்றார். ஒரே பிள்ளைக்கு இரண்டு நோயா? என்ன நடந்தது என்று எழுது.

ராய்கே


தொமொஹோன்
24 பிப்ரவரி 2023

மித்தாவின் அப்பாவுக்கு,

காய்ச்சலும் இருந்தது, அடியும் பட்டது. இரண்டும் சரியாகிவிட்டன. இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. கடையில் என்னோடுதான் இருக்கிறாள். பூ மேசைக்கு அடியில் உட்கார்ந்து சாமந்தி இலைகளைக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். பேச்சு குறைந்துவிட்டது. செருப்புப் போட மாட்டேன் என்கிறாள். வற்புறுத்தினால் அழுகிறாள்.

போன் இல்லாமல் வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அமைதி வரவில்லை. கதவைப் பூட்டிவிட்டேனா என்று நான்கு தடவை எழுந்து பார்க்கிறேன். வேதம் வாசித்தால் ஒரே வரியில் நின்றுவிடுகிறேன். போன புதன்கிழமை நம் தெரு ஜெபக் கூட்டம் நம் வீட்டில்தான் நடந்தது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அதைக் கேட்க முடியாமல் தேநீர் போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய் நின்றேன்.

எதற்குப் புகழ்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். தயவுசெய்து இப்போது ஒன்றும் கேட்காதீர்கள்.

ஒல்வி


வேடா
3 மார்ச் 2023

ஒல்வி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் தொந்தானோ ஊர்க்காரன் ஒருவன் போனை நீட்டினான். "அண்ணே, இது உங்க ஊர்தானே? பிள்ளை பிடிக்கிறவன மாட்ட வச்சிருக்காங்க பாருங்க. அந்தப் பொம்பளைக்கு என்ன தைரியம்." பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கத்து ரோடு. வாடகை மோட்டார் பைக் ஓட்டுகிறவர்கள் ஒரு ஆளைக் கீழே போட்டு மிதிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி உடைந்து கிடக்கிறது. படம் பிடித்தவன் கை ஆடுவதால் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை, அடிபட்டவனுடையதைத் தவிர. ஆனால் அந்தக் கத்தல் யாருடையது என்று எனக்குத் தெரியும். பத்து வருடமாக அந்தக் குரலோடு வாழ்ந்திருக்கிறேன்.

என் மனைவி என்று நான் அவனிடம் சொல்லவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

உண்மையிலேயே அவன் பிள்ளை பிடிக்கிறவன் என்றால் நீ எனக்கு முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பாய். ஊரே கேட்கச் சொல்லியிருப்பாய். நீ மறைத்திருக்கிறாய். அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உன் குரலுக்குப் பிறகு மித்தா எதையோ கத்துகிறாள். "நான்தான்" என்று கேட்கிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. இருபது தடவை போட்டுப் பார்த்தேன். ஏன் நின்றது?

ராய்கே


தொமொஹோன்
12 மார்ச் 2023

ராய்கே,

மூன்று தாள் கிழித்தாயிற்று. இதைக் கிழிக்க மாட்டேன்.

ஜனவரி 28ஆம் தேதி நீங்கள் ஒரு படம் அனுப்பினீர்கள். ஞாபகம் இருக்கிறதா? வெளியூர் ஆட்கள் வியாபாரி வேஷத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறார்கள், தோளில் பெட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளையைத் தொட்டவுடன் அது மயங்கி அவர்கள் சொல்வதையே சொல்லும் என்று அதில் ஒரு குரல் பேசியது. கீழே நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "மித்தாவைப் பார்த்துக்கொள்." அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கடையை ஃபெம்மி அத்தையிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமாகவே பள்ளிக்குப் போனேன். பக்கத்து ரோட்டில் மித்தா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் ஷூ இல்லை. எதிரே ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை அவள் காலைப் பிடித்திருந்தது.

அவ்வளவுதான் நான் பார்த்தது. மற்றதெல்லாம் என் தலைக்குள் முன்பே ஓடிக்கொண்டிருந்த படம்.

அவர் செருப்பு தைக்கிறவர், ராய்கே. தெருத்தெருவாகப் பெட்டியைச் சுமந்து போகிறவர். அவள் ஷூவின் அடி பிரிந்துபோய் இருந்தது. காலையில் என்னிடம் காட்டினாள், நான் சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். அவளே அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். ரோடு சுடுகிறது என்று அவர் அவள் காலைத் தூக்கி ஒரு அட்டையின் மேல் வைத்தார். அந்த நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

"பிள்ளை பிடிக்கிறவன்" என்று கத்தினேன். பைக் ஓட்டுகிறவர்கள் ஓடி வந்தார்கள். அவர் ஒரு கையில் குத்தூசியும் இன்னொரு கையில் நம் பிள்ளையின் ஷூவும் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். குத்தூசியைப் பார்த்ததும் அவர்களுக்கு அதுவே போதுமானதாகிவிட்டது. மித்தா பெட்டியிலிருந்து விழுந்தாள். முழங்கால் அடி அதுதான். விழுந்து எழுந்து, "நான்தான் கூப்பிட்டேன், அம்மா, நான்தான் கூப்பிட்டேன்" என்று கத்தினாள்.

ஏன் நின்றது என்று கேட்டீர்கள். நான் அவள் வாயை மூடினேன். தொட்டால் பிள்ளைகள் அப்படித்தான் பேசும் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் சொல்லியிருந்தார்களே. என் உள்ளங்கைக்குள் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அன்றைக்கே விட்டுவிட்டது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. வலது கையில் மூன்று விரல் உடைந்திருப்பதாகச் சுகாதார நிலையத்து நர்ஸ், என்னிடம் பூ வாங்க வந்தவர், சொன்னார். நான் பூவைத் தாளில் சுற்றிக்கொண்டே "அப்படியா" என்று கேட்டேன்.

தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. புள்ளையைக் காப்பாற்றிய தாய் என்றுதான் ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொன்னார்கள். அவர் தலையில் தொழுகைத் தொப்பி இல்லாமல் இருந்திருந்தால், நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிறவராக இருந்திருந்தால் நான் அப்படிக் கத்தியிருப்பேனா? யோசிக்கிறேன். பதில் பிடிக்கவில்லை.

இருதயத்தைக் காக்கத்தான் போனைக் கொடுத்தேன் என்று எழுதினேன். அதுவும் பொய். அவரை அடிக்கும்போது எடுத்த படம் எனக்கே திரும்பி வந்தது, என் குரலோடு. அதனால்தான் கொடுத்தேன்.

ஒல்வி


வேடா
21 மார்ச் 2023

ஒல்வி,

கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்புறம் போனில் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஜனவரி மாதத்தில் மட்டும் உனக்கு நாற்பத்தொரு செய்தி அனுப்பியிருக்கிறேன். நாற்பதும் பயம். ஒன்று மட்டும் உன் பிறந்த நாளுக்கு.

அந்த 28ஆம் தேதிப் படத்தை நான் முழுதாகப் பார்க்கவே இல்லை. யாரோ அனுப்பினார்கள், உனக்குத் தள்ளிவிட்டேன். இங்கிருந்து ஒரு அப்பனால் என்ன செய்ய முடியும், சொல். கதவைப் பூட்ட முடியாது. பள்ளிக்கூட வாசலில் போய் நிற்க முடியாது. உன்னைப் பயமுறுத்த மட்டும் முடிந்தது. அதைத்தான் அன்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆகவே அந்த விரல்களில் என் பங்கும் இருக்கிறது. இதை உன்னை ஆறுதல்படுத்த எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு கன்டெய்னருக்குள் நாங்கள் எட்டுப் பேர் ஆராதனைக்கு உட்காருகிறோம். நான் போவது பாதி அங்கே கொடுக்கிற பலகாரத்துக்காக. இந்த வாரம் பவுல் சிறையிலிருந்து எழுதின பகுதியை வாசித்தார்கள். எவற்றையெல்லாம் சிந்திக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறாரே, அது. அன்பானது, நல்லது என்று தொடங்கும் என நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது "உண்மையானது." மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எனக்குப் பலகாரம் இறங்கவில்லை.

அவரைப் போய்ப் பார், ஒல்வி. நானும் உடன் வரவேண்டியவன். லீவு கிடைக்க ஜூன் ஆகும். அதுவரை காத்திருக்காதே.

மித்தாவிடம் சொல்: நான் அவளை நம்புகிறேன் என்று.

ராய்கே


தொமொஹோன்
8 ஏப்ரல் 2023

அன்புள்ள ராய்கே,

போய் வந்தேன். மித்தாவும் வந்தாள். வேண்டாம் என்றேன்; "நான்தானே கூப்பிட்டேன்" என்று மினிபஸ்ஸில் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மனாடோ நகரில் ஆற்றோரக் குடியிருப்பில் வீடு. நர்ஸ்தான் விசாரித்துச் சொன்னார். அவர் பெயர் யூனுஸ். வெளியூர், கொரொந்தாலோக்காரர். மனைவி ரஹ்மா கதவைத் திறந்து, நான் யார் என்று சொன்னதும் கதவைப் பாதி சாத்தினார். "உள்ள வராதீங்க. பேசறத வாசல்ல நின்னு பேசுங்க" என்றார். வாசலில் நின்றேன்.

அவர் எழுந்து வந்தார். கட்டு அவிழ்த்துவிட்டார்கள், ஆனால் இரண்டு விரல் மடங்கவில்லை. மித்தாவைப் பார்த்ததும், "முட்டி ஆறிருச்சா, பாப்பா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் தயார் செய்துகொண்டு போன வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் தப்பு செய்தேன், நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, என்னை மன்னியுங்கள் என்று மட்டும் சொன்னேன். கொண்டுபோன கவரை நீட்டினேன். ரஹ்மா அதை என் கையிலேயே திருப்பி மடக்கினார்.

யூனுஸ் வாசற்படியில் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. ஏழு வயசு. நாங்களும் போனப் பரண் மேல வச்சிட்டோம், அவ பார்க்கக் கூடாதுன்னு. ஆனா செய்தி பள்ளிக்கூடத்துலேருந்து நடந்தே வந்துருது. பிள்ளை பிடிக்கிறவன் மகள்னு கூப்பிடுறாங்களாம். மினிபஸ்ல நான் ஏறினா தாய்மாருங்க பிள்ளையத் தூக்கி மடியில வச்சுக்கிறாங்க. இந்தக் கையால மெதுவா தச்சுக்கலாம். ஆனா யாரு என்னைத் தெருவுக்குள்ள விடுவா?"

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க. இது இந்த வாசலுக்கு வெளிய ஒருத்தர் காதுலயும் விழல. அன்னிக்கு நீங்க தெருவுல கத்தினீங்க. தெருவுலயே சொல்லுங்க. அந்தப் படம் போன இடமெல்லாம் இதுவும் போகட்டும். உங்க முகத்தோட."

சரி என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். ரஹ்மா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

ஃபெம்மி அத்தையிடம் சொன்னேன். "பைத்தியமா உனக்கு? கர்த்தர்கிட்ட சொல்லிட்ட, அந்த ஆளுகிட்டயும் சொல்லிட்ட, முடிஞ்சுது. ஊர் வாய்ல புள்ளையக் கொண்டுபோய்ப் போடாத" என்கிறார். சரியாகத்தான் படுகிறது. படுத்தால் தப்பாகப் படுகிறது. நீங்கள் சொல்லுங்கள்.

ஒல்வி


வேடா
17 ஏப்ரல் 2023

ஒல்வி,

செய்யாதே.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். காரணம் சொல்கிறேன். இங்கே எண்ணூறு பேர் இருக்கிறோம். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே எல்லோரும் போனைத்தான் பார்க்கிறார்கள். உன் முகம் வந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் மற்றவர்கள் மனைவிமாரைப் பற்றி அப்படிப் பேசியிருக்கிறேன். உன் கடைக்கு யாரும் வராமல் போகலாம். உன் மேல் வழக்குக்கூட வரலாம். அடித்தவர்கள் நம் தெருக்காரர்கள், அவர்கள் சும்மா இருப்பார்களா? மித்தா என்ன ஆவாள்?

உண்மை, உண்மை என்று போன கடிதத்தில் பெரிதாக எழுதினேன். அது கன்டெய்னருக்குள் உட்கார்ந்திருப்பவன் சொல்வதற்கு எளிது. அப்போது அதற்கு உன் முகம் இல்லை.

ஜூன் வரை பொறு. நான் வந்தபின் இருவரும் சேர்ந்து யோசிப்போம்.

இல்லை. தெரியவில்லை. அந்த ஆளின் மகள் ஜூன் வரை பள்ளிக்குப் போக வேண்டுமே.

நான் குழம்பியிருக்கிறேன். நீ எனக்காகக் காத்திருந்தாலும் கோபப்பட மாட்டேன், காத்திருக்காவிட்டாலும் கோபப்பட மாட்டேன். இல்லை, காத்திருக்காவிட்டால் கொஞ்சம் படுவேன்.

ராய்கே


தொமொஹோன்
2 மே 2023

அன்புள்ள ராய்கே,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கோபப்பட வேண்டிய அந்தக் கொஞ்சத்தைப் பட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையிடமிருந்து போனை வாங்கிவந்தேன். அதே ரோட்டில், அதே இடத்தில், பகல் பன்னிரண்டரைக்குப் போய் நின்றேன். மித்தாவின் முகம் எங்கும் வரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அதனால் படம் எடுக்கப் போனை அவள் பிடித்துக்கொண்டாள். என் பெயரைச் சொன்னேன். யூனுஸ் என்பவர் என் மகளின் ஷூவைத் தைத்துக்கொண்டிருந்தார், வேறொன்றும் செய்யவில்லை, நான் கத்தியது பொய், அதை நம்பித்தான் அவரை அடித்தார்கள் என்று சொன்னேன். முடித்ததும் மித்தா போனை இறக்கவில்லை.

"அம்மா, ஒண்ண விட்டுட்டே" என்றாள்.

என்ன என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். திரும்ப முதலிலிருந்து சொன்னேன். என் மகள் அங்கேயே, அப்போதே உண்மையைச் சொன்னாள், நான் அவள் வாயை மூடினேன் என்று சொல்லி முடித்தேன். அவள் போனைத் தாழ்த்தி என் கையில் கொடுத்தாள். எங்கள் பின்னால் பைக் ஸ்டாண்டில் நான்கு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் காறித் துப்பினான். இன்னொருவன், வயதில் சின்னவன், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தான்.

அதை நானே தெருக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அன்று சாயங்காலமே எல்லா இடத்துக்கும் போய்விட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். கல்யாணத்துக்குச் சொல்லியிருந்த பூவை ஒரு வீட்டார் வேண்டாம் என்றார்கள். ஃபெம்மி அத்தை வேலிக்கு அந்தப் பக்கமே நிற்கிறார். புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. பாட்டு முடியும் நேரத்தில் நர்ஸ் வந்து அதில் உட்கார்ந்தார்.

ரஹ்மாவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "பார்த்தோம்." அவ்வளவுதான்.

இனி போன் வீட்டில் இருக்கும். காலையில் அதைத் தொட மாட்டேன். மித்தாவுக்குத் தலை சீவி, ஜெபம் பண்ணி, அவளை அனுப்பிய பிறகுதான் பார்ப்பேன். யாராவது எதையாவது அனுப்பினால், இது உண்மையா, இதை எனக்கு ஏன் அனுப்பினீர்கள் என்று இரண்டும் கேட்பேன். உங்களையும் கேட்பேன். சாயங்காலம் ஐந்து நிமிடம் அவள் உங்களோடு பேசலாம்.

அவள் இன்றிலிருந்து பள்ளிக்குப் போகிறாள். சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டைகூடப் போட்டாள்.

வியாழக்கிழமை என்னைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அடித்தவர்கள் யார் என்று கேட்பார்கள். எனக்கு என்ன ஆகும் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது, ராய்கே. ஆனால் இந்தப் பயத்தை எனக்கு யாரும் அனுப்பிவைக்கவில்லை. இது என்னுடையது, நான் செய்ததிலிருந்து வந்தது. இதைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் என்னால் ஏற முடியும் என்று நினைக்கிறேன்.

உங்கள்
ஒல்வி